ஆச்சி சொன்னதும் பண்ணைக்காரர் சொன்னதும்



சென்ற தடவை குளிருக்கு முன் யன்னல்களை ஒட்டி மூடுவது பற்றி எழுதியிருந்தோம். இந்தத் தடவை ஆடு மாடு பற்றி எழுதுகிறோம். மொன்றியலில் மூன்றாம் மாடியில் இருப்பவர்களுக்கு ஆடு மாடு எதற்கு என்று கேட்க வேண்டாம். முழுவதும் வாசித்த பிறகு சொல்லுங்கள்.

கடந்த செப்டெம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எமது கட்டடத்தில் உள்ள நாலு குடும்பங்கள் சேர்ந்து ஒரு வான் பிடித்து, ஆறு கடந்து, அப்பிள் ஆய்கிற ஒரு தோட்டத்துக்குப் போனோம். அங்கே பிள்ளைகள் பார்ப்பதற்கென்று கொஞ்சம் ஆடு, கோழி, முயல் எல்லாம் அடைத்து வைத்திருந்தார்கள். பிள்ளைகள் அப்பிளை மறந்து ஆட்டுப் பட்டியடியில் போய் நின்று விட்டார்கள்.

பட்டிக்குள் தாடி வைத்த பெரிய கிடாய் ஒன்று நின்றது. ஒரு மறி ஆடு சலம் விட்ட இடத்தில் அது மூக்கை வைத்து மணந்தது. பிறகு தலையை மேலே தூக்கி, மேலுதட்டைச் சுருட்டி, மூக்கைச் சுருக்கி, வாயை அரைவாசி திறந்தபடி சிலை மாதிரி நின்றது. பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு. ஒன்பது வயதுப் பெண்பிள்ளை ஒன்று, "ஏனப்பா இந்த ஆடு சிரிக்குது?" என்று கேட்டாள். தகப்பன், "சும்மா" என்றார். தாய், "அங்காலை வா பிள்ளை" என்று கையைப் பிடித்து இழுத்தா. பெரியவர்கள் நாங்கள் எல்லோரும் அப்பிள் மரத்தைப் பார்க்கத் தொடங்கினோம்.

வாங்கில் இருந்த ஆச்சி மட்டும் பதில் சொன்னா. "அது சிரிக்கேல்லை மோனை. மறிக்குப் பருவம் வந்திட்டுதோ எண்டு பாக்குது. மணத்தை வாய்க்குள்ளை எடுத்து அண்ணத்தாலை பாக்கும். எங்கடை நாம்பனும் உப்பிடித்தான் செய்யிறது."

பிள்ளை நம்பவில்லை. ஆச்சிக்கு பஸ்சில் இடம் கேட்கக்கூடப் பிரெஞ்சு தெரியாது, ஆச்சிக்கு இது எப்படித் தெரியும் என்பது அவளுடைய கணக்கு. நேரே பண்ணைக்காரரிடம் ஓடிப்போய் பிரெஞ்சில் கேட்டாள். திரும்பி வரும்போது முகம் மாறியிருந்தது. "ஆச்சி, அவரும் அதைத்தான் சொல்லுறார். ஆட்டுக்கு ரண்டாவது மூக்கு ஒண்டு வாய்க்கு மேலை இருக்காம். உங்களுக்கு ஆர் சொன்னது?"

"மாடுதான் சொன்னது," என்றா ஆச்சி.

எங்கள் பிள்ளைகள் வைத்தியரிடமும் வாடகைக்காரரிடமும் பாடசாலையிலும் எங்களுக்காக மொழிபெயர்க்கிறார்கள். அப்படிச் செய்து செய்து, இந்தப் பெரியவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்ற எண்ணம் அவர்களுக்குள் மெல்ல மெல்ல வளருகிறது. அது அவர்களுடைய குற்றமல்ல. ஆனால் அன்றைக்கு ஆச்சி சொன்னதும் பண்ணைக்காரர் சொன்னதும் ஒன்றாக வந்தபோது, எமக்குத் தொண்டைக்குள் ஏதோ அடைத்தது. வீட்டுக்கு வந்து நூலகத்தில் புத்தகம் எடுத்துப் பார்த்தோம். தெரிந்தவர்களிடமும் கேட்டோம். அறிந்ததை இங்கே தருகிறோம்.

இரண்டாவது மூக்கு

மாடு பல்லை இளிக்குது என்று ஊரில் சொல்வோம். உண்மையில் ஆடு மாடுகளுக்கு மேல்வாயின் முன்பக்கத்தில் பல்லே கிடையாது. அங்கே மெத்தை மாதிரித் தடித்த முரசுதான் இருக்கிறது. அந்த முரசுக்குச் சற்றுப் பின்னால், அண்ணத்தில், ஊசி நுழையக்கூடிய அளவில் இரண்டு சிறிய துவாரங்கள் உள்ளன. அவை மேலே போய், மூக்கின் நடுச்சுவருக்கு அடியில் இரு பக்கமும் படுத்திருக்கும் இரண்டு ஒடுங்கிய குழாய்களோடு சேருகின்றன. அந்தக் குழாய்கள்தான் இரண்டாவது மூக்கு. டென்மார்க் நாட்டைச் சேர்ந்த லுட்விக் ஜேக்கப்சன் என்ற வைத்தியர் 1813 இல் இதைப் பற்றி எழுதினார். அதனால் இதை ஜேக்கப்சன் உறுப்பு என்கிறார்கள்.

சாதாரண மூக்கு காற்றோடு வருகிற மணத்தைப் பிடிக்கிறது. எல்லாப் பொருளும் காற்றில் எழும்பி வராது. சலத்திலும் சளியிலும் கரைந்து நிற்கும் சில பொருட்களை ஈரத்தோடு எடுத்தால்தான் அறியலாம். கிடாய் உதட்டைச் சுருட்டும்போது மூக்குத் துவாரம் மூடுப்படுகிறது. நாக்காலும் மூக்காலும் எடுத்த ஈரம் அந்தக் குழாய்க்குள் போகிறது. குழாயின் பக்கத்தில் உள்ள இரத்த நாளங்கள் வீங்கியும் சுருங்கியும் ஒரு பம்பு மாதிரி அந்த ஈரத்தை உள்ளே இழுக்கின்றன. அங்கிருந்து போகும் நரம்பு, சாதாரண மூக்கின் நரம்பு போகும் இடத்துக்குப் போகாமல், மூளையில் வேறொரு முனைக்குப் போகிறது. பயம், கோபம், இணைசேருதல், ஓமோன் சுரத்தல் ஆகியவற்றை நடத்துகிற பகுதிகளோடு அந்த முனை தொடர்புடையது.

இந்த உதடு சுருட்டலை உலகம் முழுவதும் ஃபிளேமன் என்ற ஜெர்மன் சொல்லால் அழைக்கிறார்கள். ஆடு, மாடு, எருமை, குதிரை எல்லாம் இதைச் செய்யும். குதிரைக்கு மட்டும் வாய்க்குள் அந்த வழி அடைபட்டிருக்கிறது; அது மூக்கு வழியாகவே எடுக்கிறது. ஆண்கள் மட்டும் செய்வதும் அல்ல. கன்று ஈன்ற பசு பனிக்குட நீரை மணந்துவிட்டு இப்படி நிற்பதை ஊரில் கண்டவர்கள் இருப்பீர்கள்.

எம்மோடு வேலை செய்கிற ஹெய்ட்டி நாட்டவர் ஒருவரிடம் சாப்பாட்டு இடைவேளையில் இதைச் சொல்லப் போய், எமக்குப் பிரெஞ்சில் சொல் கிடைக்கவில்லை. கிடாய் மாதிரி உதட்டைச் சுருட்டிக் காட்டினோம். அவர் உடனே விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, தானும் அதேமாதிரிச் செய்து காட்டினார். அவரும் ஆடு வளர்த்த வீட்டுப் பிள்ளை. அன்றிலிருந்து இரண்டு பேரும் நல்ல சினேகிதம்.

பெயர் வந்த கதை

ஒரு மிருகம் தன் உடம்பிலிருந்து வெளியே விட, அதே இனத்தைச் சேர்ந்த இன்னொன்று அதை அறிந்து நடத்தையையோ உடல்நிலையையோ மாற்றிக்கொண்டால், அந்தப் பொருளுக்குப் பெரமோன் என்று பெயர். இந்தப் பெயரை 1959 இல் பீற்றர் கார்ல்சன், மார்ட்டின் லூஷர் என்ற இருவர் வைத்தார்கள். அதே ஆண்டில் ஜெர்மனியில் அடோல்ஃப் புட்டெனான்ட் என்பவர் பட்டுப்பூச்சியின் பெரமோனைப் பிரித்தெடுத்து அறிவித்தார். அதற்காக அவருடைய குழு சுமார் 5 இலட்சம் பெண் பூச்சிகளைப் பயன்படுத்தியது. ஏறக்குறைய 20 வருட வேலை. ஒரு சிட்டிகை அளவுகூடக் கிடைக்காத பொருளுக்கு இவ்வளவு பாடு.

தோட்டக்காரர் பூச்சி பிடிக்கக் கட்டித் தொங்கவிடும் இனக்கவர்ச்சிப் பொறியும் இந்த அறிவிலிருந்து வந்ததுதான். பூச்சிகளில் விடயம் இலகு. ஒரு மணம், ஒரு செயல். ஆடு மாடுகளில் அப்படியல்ல. வயது, அனுபவம், காலநிலை, கண்ணால் காண்பது, காதால் கேட்பது எல்லாம் மணத்தோடு சேர்ந்துதான் வேலை செய்யும்.

இருபத்தொரு நாள்

பசு வளர்த்தவர்களுக்கு 21 என்ற கணக்கு மறக்காது. சினைப்படாத பசுவுக்குச் சராசரியாக 21 நாளுக்கு ஒருமுறை பருவம் வரும். வந்தால் அரை நாள், கூடினால் முக்கால் நாள். அதற்குள் காளைக்கு விடவோ ஊசி போடவோ வேண்டும். தவறினால் இன்னும் மூன்று கிழமை காத்திருக்க வேண்டும். கன்று பிந்தும், பால் பிந்தும், தீவனச் செலவு மட்டும் பிந்தாது.

எமது வீட்டில் இரண்டு பசுக்கள் நின்றன. பால் விற்ற காசில்தான் எமது கொப்பியும் பேனையும். ஒருமுறை இரவில் பருவம் வந்து விடிவதற்குள் போய்விட்டது. பசு கத்தவில்லை. அப்புவுக்குத் தெரியவில்லை. பக்கத்து வளவு நாம்பனுக்குத் தெரிந்திருக்கிறது. இரவு முழுக்க வேலியை முட்டிக்கொண்டு நின்றதாம். "நாம்பன் சொன்னது, நான்தான் கேக்கேல்லை," என்று அப்பு அந்த மாதம் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்த நாட்டுப் பால் பண்ணைகளில் பெரும்பாலும் நாம்பனே நிற்பதில்லை. கியூபெக்கின் செயற்கை முறைச் சினைப்படுத்தல் நிலையம் சென் இயசாந்த் நகரில் 1948 இல் தொடங்கப்பட்டது. நல்ல காளையின் விந்தை எடுத்து, சைபருக்குக் கீழே 196 பாகையில் திரவ நைதரசனில் உறையவைத்து, பண்ணை பண்ணையாகக் கொண்டுபோய்ச் செலுத்துகிறார்கள். காலையில் பருவம் கண்டால் மாலையில், மாலையில் கண்டால் மறுநாள் காலையில் என்பது பழைய விதி. இதில் எல்லாம் இருக்கிறது, மணந்து சொல்லும் நாம்பன் மட்டும் இல்லை. ஆகவே மனிதன் கண்ணால் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். மற்ற மாட்டின் மேல் தாவுகிறதா, மற்றது தாவும்போது அசையாமல் நிற்கிறதா, கண்ணாடி மாதிரிச் சளி விழுகிறதா என்று பார்க்கிறார்கள். இப்போது மாட்டின் காலிலும் கழுத்திலும் நடமாட்டத்தை எண்ணும் கருவிகளைக் கூடக் கட்டுகிறார்கள்.

அப்படியானால் நாம்பன் எதை மணந்து அறிகிறது என்று கண்டுபிடித்தால் என்ன? இந்தக் கேள்வியோடு பல வருடங்கள் உழைத்த ஓர் இடம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. திருச்சிராப்பள்ளியில் உள்ள பாரதிதாசன் பல்கலைக்கழகம். அங்கே பேராசிரியர் ஜி. அர்ச்சுனனும் அவருடைய மாணவர்களும் பசு, எருமை ஆகியவற்றின் சலம், சாணம், சளி ஆகியவற்றைப் பருவத்துக்கு முன், பருவத்தில், பருவத்துக்குப் பின் என்று தனித்தனியே எடுத்துச் சோதித்தார்கள். 2004 இல் வெளிவந்த அவர்களுடைய ஆய்வுகளில், பருவ நாளில் எடுத்ததை வைத்தபோதுதான் காளையும் எருமைக் கடாவும் கூடிய தடவை உதட்டைச் சுருட்டின என்று காட்டினார்கள். உதட்டைச் சுருட்டுவதை அவர்கள் ஓர் அளவுகோலாக்கினார்கள். ஆச்சி செய்ததும் அதைத்தான். ஆச்சி எண்ணி எழுதவில்லை, அவ்வளவுதான்.

எருமையில் இந்த வேலை இன்னும் முக்கியமானது. எருமைக்குப் பருவம் வந்தாலும் பல தடவைகளில் வெளியில் தெரியாது. தமிழ்நாட்டில் இதை ஊமைச் சினைப்பருவம் என்கிறார்கள். மனிதக் கண்ணுக்கு ஊமை, கடாவின் மூக்குக்கு ஊமையல்ல. 2011 இல் அதே குழு, பருவத்தில் உள்ள எருமையின் சலத்தில் நிற்கும் சில பொருட்களின் பெயரை வெளியிட்டது. அதில் ஒன்று 4-மெதயில் பீனோல். பெயர் பெரிது, ஆனால் வாசனை பழக்கமானது. மாட்டுக் கொட்டிலில் அடிக்கிற மணத்தில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

இந்த மணத்தை வேறு மிருகமும் அறியலாம். 1978 இல் அமெரிக்காவில் நாய்களைப் பழக்கி, பருவத்தில் உள்ள பசுவின் மணத்தை வேறுபடுத்தச் செய்தார்கள். நாய்கள் சரியாகவே சொல்லின.

பன்றிப் பண்ணையில் ஒரு புட்டி

கியூபெக்கில் பன்றி வளர்ப்பு மிகப்பெரிய தொழில். எமது ஆட்கள் சிலரும் இறைச்சித் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறார்கள். ஆண் பன்றி பெண்ணைக் கண்டால் வாயால் நுரை தள்ளும். அந்த நுரையில் அன்ட்ரொஸ்ரெனோன் என்ற பொருள் இருக்கிறது. விதைப்பையில் உண்டாகி, இரத்தத்தோடு வந்து, உமிழ்நீரில் வெளியாகிறது. பருவத்தில் உள்ள பெண் பன்றி அதை மணந்தால் முதுகை அழுத்தினாலும் அசையாமல் மரம் மாதிரி நிற்கும். இதே பொருளைப் புட்டியில் அடைத்து விற்கிறார்கள். பண்ணைக்காரர் பன்றியின் மூக்கடியில் விசிறிவிட்டு முதுகை அழுத்திப் பார்ப்பார். நின்றால் பருவம், ஓடினால் இல்லை.

இங்கே ஒரு வேடிக்கை. பெரமோன் என்றால் இரண்டாவது மூக்குத்தான் என்று பலர் நினைத்திருந்தார்கள். 1997 இல் பன்றியின் அந்த இரண்டாவது மூக்கை அடைத்துவிட்டுச் சோதித்தார்கள். பன்றி அப்போதும் அசையாமல் நின்றது. சாதாரண மூக்கே போதுமாக இருந்தது. ஆகவே இரண்டு மூக்கும் இந்த வேலையைப் பங்குபோட்டுச் செய்கின்றன. எது எதை அறிகிறது என்பது மிருகத்துக்கு மிருகம் மாறும்.

ஆண் பன்றியின் இறைச்சியில் ஒரு கெட்ட வாடை வருவதற்கும் அன்ட்ரொஸ்ரெனோன் ஒரு காரணம் என்று 1968 இல் கண்டார்கள். அதனால்தான் குட்டியிலேயே நலமடிக்கிறார்கள். ஆனால் எல்லா மனிதருக்கும் அந்த வாடை தெரியாது. 2007 இல் வந்த ஆய்வின்படி, ஒரேயொரு மூக்குப் பரம்பரையலகின் வேறுபாட்டால் சிலருக்கு அது மூத்திர நாற்றம், சிலருக்கு இனிய வாசம், சிலருக்கு ஒன்றுமேயில்லை. ஒரே சமையலறையில், "மணக்குது" என்று மனைவியும் "இல்லை" என்று கணவனும் சண்டை பிடித்தால் இரண்டு பேருமே சரியாக இருக்கலாம்.

கிடாய் மொச்சை

ஆட்டிறைச்சிக்கு வருவோம். கிடாய் மொச்சை அடிக்குது என்று கடைக்காரரோடு வாதாடாதவர் எம்மில் எவரும் இல்லை. வேள்விக்கு வளர்த்த கிடாயின் கிட்டப் போனவர்களுக்கு அந்த மணம் தலைக்குள் நிற்கும். அது கிடாயின் தலையில், கொம்படியைச் சுற்றிய தோலில் இருந்து கூடுதலாக வருகிறது. நலமடித்த கிடாயில் அது குறைவு. ஆகவே கடையில் வாங்கும்போது நலமடித்ததா என்று கேட்பது வீண் பேச்சல்ல.

அந்த மணத்துக்கு மறி ஆடுகளிடம் வேறு வேலை உண்டு. ஆண் இல்லாமல் தனியே நின்ற மறிகளிடையே கிடாயைக் கொண்டுவந்து விட்டால், பருவமில்லாமல் நின்றவைக்கும் சில நாளில் பருவம் வரும். செம்மறிகளில் இதை 1944 இலேயே ஆஸ்திரேலியாவில் எழுதி வைத்தார்கள். காரணப் பொருள் எது என்பது நெடுங்காலம் தெரியவில்லை. 2014 இல் ஜப்பானில் தோக்கியோப் பல்கலைக்கழகத்தினர் ஆடுகளின் தலையில் தொப்பி மாதிரி ஒன்றைப் பொருத்தி, அதில் மணத்தைச் சேர்த்தெடுத்தார்கள். கிடாய்க்கும் ஒரு தொப்பி, நலமடித்ததற்கும் ஒரு தொப்பி. இரண்டையும் ஒப்பிட்டு 4-எதயில் ஒக்ரனால் என்ற பொருளைக் கண்டார்கள். அதைத் தனியே மணக்கக் கொடுத்தபோது, மறியின் மூளையில் இனப்பெருக்க ஓமோன்களை முடுக்கிவிடும் பகுதி விழித்தெழுந்தது. இதில் அதிசயம் என்னவென்றால், அந்தப் பொருள் எமது மூக்குக்குத் தோடம்பழ வாசம் மாதிரித் தெரியுமாம். காற்றுப் பட்டு மாறிய பிறகுதான் அது மொச்சையாகிறது.

தாயும் பிள்ளையும்

பருவத்தோடு மட்டும் மணத்தின் வேலை முடியவில்லை. குட்டி போட்ட செம்மறி, அதை நக்கி நக்கி, இரண்டொரு மணித்தியாலத்துக்குள் அதன் மணத்தைப் பாடமாக்கிவிடும். பிறகு வேறு குட்டி வந்தால் முட்டித் தள்ளும். மணக்கும் சக்தியை இழந்த தாயோ எந்தக் குட்டிக்கும் பால் கொடுக்கும். வசந்தகாலத்தில் பண்ணைக்குப் போனால், பிறந்த உடனே உள்ள குட்டியைத் தூக்க விடமாட்டார்கள். அதை அவமதிப்பாக எடுக்க வேண்டாம். தாய் மணத்தைப் படிக்கும் நேரம் அது.

இங்குள்ள செம்மறிக்காரர் ஒரு தந்திரம் செய்வதுண்டு. ஒரு தாயின் குட்டி இறந்துவிட்டால், அந்தத் தோலைத் தாயில்லாத இன்னொரு குட்டிக்குச் சட்டை மாதிரிப் போட்டு விடுவார்கள். தாய் மணந்து பார்த்து ஏற்றுக்கொள்ளும். இதை வாசித்தபோது எமக்கு ஊரில் கன்று செத்த பசுவுக்கு முன்னால் தோலுக்குள் வைக்கல் அடைத்துக் கட்டும் கன்று ஞாபகம் வந்தது. பசு அதை நக்கிக்கொண்டே பால் சுரக்கும். எமது அம்மா அந்தப் பாலைக் கறக்கும்போது ஒரு நாளும் பேசமாட்டா.

2009 தொடக்கத்தில் வன்னியில் இடம்பெயரும்போது எங்கள் பசுக்களின் கயிற்றை அவிழ்த்து விட்டோம். அவை ஓடிவிடும் என்று நினைத்தோம். திரும்பிப் பார்த்தபோது கொட்டிலடியிலேயே நின்றன. இதற்கு மேல் எழுதவில்லை. வாசிக்கும் பலருக்கு இதே கதை இருக்கும்.

முயலுக்கும் ஒரு செய்தி உண்டு. தாய் முயல் ஒரு நாளைக்கு ஒருமுறை, மூன்று நான்கு நிமிடம்தான் பால் கொடுக்கும். கண் திறக்காத குட்டிகள் அதற்குள் முலையைப் பிடிக்க வேண்டும். 2003 இல் பிரான்சில் பெனுவா ஷால் என்பவரின் குழு, முயல்பாலில் உள்ள ஒரு பொருளைக் கண்டுபிடித்தது. அதைக் கண்ணாடிக் குச்சியில் தடவிக் காட்டினாலே குட்டி வாயால் தேடிப் பிடிக்கும். கற்றுக்கொடுக்கத் தேவையில்லை.

பயத்தின் மணம், ஆணின் மணம்

மாட்டுக்குப் பயமும் மணக்கும். 1998 இல் வெளிவந்த ஒரு பிரெஞ்சு ஆய்வில், மிரண்ட மாட்டின் சலத்தை வைத்த இடத்தில் மற்ற நாகுகள் தீனுக்குக் கிட்ட வரத் தயங்கின. இறைச்சித் தொழிற்சாலையில் மாட்டை ஓட்டும் வேலை செய்பவர்கள் இதை ஞாபகத்தில் வைத்தால் நல்லது. ஒன்றை அடித்து வெருட்டினால் பின்னால் வருகிற அத்தனையும் அந்த இடத்தில் மறிக்கும். சத்தமில்லாமல் நடத்தினால் வேலையும் சுகம், மிருகத்துக்கும் பாவமில்லை.

எமது நகரத்திலேயே நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். மக்கில் பல்கலைக்கழகத்தில் ஜெப்ரி மோகில் என்ற பேராசிரியரின் குழு 2014 இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. பண்ணை மிருகம் அல்ல, ஆய்வுகூட எலிகள். ஆண் ஒருவர் அறைக்குள் வந்தாலே, அல்லது அவர் போட்டுக் கழற்றிய ரீசேட்டைப் பக்கத்தில் வைத்தாலே, எலிகள் மிரண்டு தமது நோவைக் காட்டாமல் அடக்கிக்கொண்டன. பெண் வந்தால் அப்படியில்லை. நாய், பூனை ஆகியவற்றில் ஆணின் மணமும் அதே வேலையைச் செய்தது. எத்தனையோ காலமாக எலியில் மருந்து சோதித்தவர்கள், சோதிப்பவர் ஆணா பெண்ணா என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

எங்களுக்கு?

கடைசியாக ஒரு எச்சரிக்கை. "மனிதப் பெரமோன் கலந்தது, போட்டால் எல்லோரும் மயங்குவார்கள்" என்று சொல்லி வாசனைத் திரவியம் விற்கிறார்கள். எம்மோடு வேலை செய்த தம்பி ஒருவர் கிட்டத்தட்ட ஒரு நாள் சம்பளத்தைக் கொடுத்து ஒரு சின்னப் போத்தல் வாங்கினார். மயங்கியது அவருடைய பணப்பை மட்டும்தான். மனிதனுக்கு அந்த இரண்டாவது மூக்கின் அடையாளம் மட்டும் இருக்கிறது, வேலை செய்வதில்லை. அதற்கு வேண்டிய பரம்பரையலகுகளும் பழுதடைந்து விட்டன. இன்றுவரை எந்தவொரு பொருளும் மனிதப் பெரமோன் என்று நிரூபிக்கப்படவில்லை. விற்கப்படுவதில் அன்ட்ரொஸ்ரெனோன் இருந்தால், அது பன்றியின் பெரமோன் என்பதை நினைவில் வையுங்கள்.

அதற்காக எமது மூக்கு ஒன்றுக்கும் உதவாதது என்றும் இல்லை. 1975 இல் இங்கிலாந்தில் செய்த சோதனையில், ஒரு கிழமை வயதுக் குழந்தைகள்கூடத் தம் தாயின் பால் பட்ட துணியின் பக்கமே முகத்தைத் திருப்பின. அது பெரமோன் அல்ல, பழகிப் படித்த மணம். செம்மறிக் குட்டியின் தாய் படிப்பது போலத்தான்.

பண்ணைக்குப் போன அந்தப் பிள்ளை பிறகு பாடசாலையில் மிருகங்களைப் பற்றிப் பேச வேண்டி வந்தபோது, கிடாயின் இரண்டாவது மூக்கைப் பற்றிப் பேசினாளாம். எங்கே அறிந்தாய் என்று ஆசிரியை கேட்டிருக்கிறா. பண்ணைக்காரர் பெயரை அவள் சொல்லவில்லை. "எங்கடை ஆச்சி சொன்னவ" என்று பிரெஞ்சில் சொல்லியிருக்கிறாள்.

பெற்றோரே, பிள்ளை கேட்டால் "சும்மா" என்று சொல்லாதீர்கள். மறைக்க வேண்டிய விடயம் இதில் ஒன்றுமில்லை. ஆடு மாடு, வயல், கடல், பனை பற்றி உங்களுக்குத் தெரிந்ததை வெட்கப்படாமல் சொல்லுங்கள். படித்தவர்கள் பெயர் வைத்து எழுதியிருக்கும் பல விடயங்களை நீங்கள் பெயரில்லாமலே அறிந்திருக்கிறீர்கள். சிலதில் நாம் பிழையாகவும் இருப்போம். அதைப் பிள்ளை திருத்தினால் திருத்தட்டும். அதுவும் நல்லதுதான்.

ஊரில் ஆடு மாடு வளர்த்தபோது கண்டதை வாசகர்கள் எமக்கு எழுதி அனுப்பினால் அடுத்த இதழில் சேர்த்துக்கொள்வோம்.

மீண்டும் சந்திப்போம்.